வாசகர் கேள்வி – பதில்: வால்நட் கட்டையிலிருந்து ஒரு வில்

மரவேலை தொடர்பான ஐயங்களுக்கு விடையளிக்கும் இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் வில் செய்வோரின் கடிதங்களே மிகுதி. அவற்றுள் ஒன்று கட்டையின் அளவுகளையெல்லாம் குறித்துத் தெளிவாக எழுதப்பட்டிருந்ததால், அதற்கே பெரும்பகுதி இடத்தை ஒதுக்கியிருக்கிறேன். மற்றவர்களுக்குரிய விடைகள் அதன்பின் வருகின்றன.

கேள்வி: கருப்பு வால்நட்டின் அடிமரத்திலிருந்து பிளந்தெடுத்த கட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளம் 70 அங்குலம், அகலம் 3 அங்குலம், கனம் ஏறத்தாழ இரண்டரை அங்குலம். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நிழலில் உலர்ந்திருக்கிறது. பட்டையை நீக்கிப் பார்த்தேன்; அதன் கீழுள்ள ஆண்டு வளையம் எங்கும் சிதையாமல் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து 20 அங்குலத் தொலைவில், ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கணு உள்ளது. நான் நாணை 28 அங்குலம் இழுப்பவன். 45 பவுண்டு இழுவிசை எனக்குப் போதும். பழைய ஆங்கிலேய நெடுவில்லைப் போல ஒடுக்கமாகவும், உட்புறம் உருண்டையாகவும் செய்ய ஆசை. வால்நட் அதற்குத் தாங்குமா? வடிவமைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: வால்நட் வில்லுக்கு உதவும் மரந்தான், ஆனால் நீங்கள் விரும்பும் அந்த வடிவத்துக்கு உதவாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாணை இழுக்கும்போது இலக்கை நோக்கி இருக்கும் புறத்தை வில்லின் முதுகு என்றும், இழுப்பவரை நோக்கி இருக்கும் புறத்தை வயிறு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. பெரும்பாலான மரங்கள் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நசுக்கத்தைத் தாங்குவதில்லை. எனவே சரியாகப் பிளந்து, முதுகின் வளையத்தைச் சிதைக்காமல் செய்த வில் உடைவது அரிது. வயிறு நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் நேராகத் திரும்பாமல் கூனிப்போவதுதான் வழக்கமாக நிகழ்வது. நாண் இல்லாத நிலையிலும் எஞ்சி நிற்கும் இந்த வளைவைத் தங்கல் வளைவு என்று சொல்லலாம். ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால் நல்ல வில். மூன்று அங்குலத்தைத் தாண்டினால் அம்பின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும்.

நன்கு உலர்ந்த கருப்பு வால்நட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 610 கிலோகிராம். வில் செய்வோர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் அடர்த்தியோ 850 கிலோகிராமைத் தாண்டும். அடர்த்தி குறைந்த மரத்தில் அதே வேலையைச் செய்வதற்குக் கூடுதல் மரம் வேண்டும். அந்தக் கூடுதலை எந்தத் திசையில் சேர்ப்பது என்பதே கேள்வி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்; நானும் சறுக்கினேன். என் முதல் வால்நட் வில்லை, யூ மரத்து நெடுவில்லின் படத்தைப் பார்த்து, ஒன்றேகால் அங்குல அகலத்தில், உருண்ட வயிற்றோடு செய்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. நாற்பது அம்பு எய்வதற்குள் நான்கு அங்குலம் கூனிவிட்டது. இன்றும் அது என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. நாண் இல்லாமலேயே நாணேற்றியதைப் போன்ற தோற்றத்தில்.

யூ மரம் ஒரு விதிவிலக்கு. அது மிக அதிகமாக வளைந்தும் நசுக்கத்தைத் தாங்கும் இயல்புடையது. அதனால்தான் 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் அவ்வளவு ஒடுக்கமாக இருந்தும் பெரும் இழுவிசையைத் தாங்கின. உருண்ட வயிற்றில் நசுக்கம் முழுவதும் நடு உச்சியிலுள்ள ஒடுங்கிய பட்டையின் மீதே விழுகிறது. தட்டையான வயிற்றில் அதே நசுக்கம் அகலம் முழுவதும் பங்கிடப்படுகிறது. டென்மார்க்கின் ஹோல்மகோர்டு சதுப்பில் 1940-களில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுள்ள வில்கள் எல்ம் மரத்தால் ஆனவை. அவற்றின் வளையும் பகுதிகள் அகன்றும் தட்டையாகவும் இருக்கின்றன. கையில் கிடைத்த மரத்துக்கு எந்த வடிவம் பொருந்தும் என்பதை அவற்றைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். தட்டையான குறுக்குவெட்டே மேலானது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் கணக்கிட்டும் அளந்தும் காட்டியதெல்லாம் 20-ஆம் நூற்றாண்டில்தான். உங்கள் வால்நட், எல்மின் கட்சியைச் சேர்ந்தது. யூவின் கட்சியைச் சேர்ந்ததன்று.

இனி அடிப்படைக் கணக்கு. வளையும் பகுதியின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் மாறுகிறது. அகலத்தை இருமடங்காக்கினால் இழுவிசை இருமடங்காகும். தடிமனை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகும். அப்படியானால் தடிமனைக் கூட்டுவதுதானே எளிது என்று தோன்றும். ஆனால் மரத்தின் மேற்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது அல்லது நசுங்குகிறது என்பது, தடிமனை வளைவின் ஆரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண். அரை அங்குலத் தடிமனுள்ள பகுதி 26 அங்குல ஆரத்தில் வளைந்தால் 0.5-ஐ 52-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வருகிறது. வால்நட் போன்ற மரத்துக்கு அதுவே எல்லைக்கோடு. அகலம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அகலத்தைக் கூட்டினால் விசை கூடும், ஆனால் மரத்துக்கு நோவு கூடாது. தடிமனைக் கூட்டினால் இரண்டும் கூடும். நீளத்தைக் கூட்டினால் வளைவின் ஆரம் பெரிதாகி நோவு குறையும்.

ஆகவே வில்லின் நீளத்தையும் அகலத்தையும்தான் நீங்கள் வடிவமைக்கிறீர்கள். தடிமனை நீங்கள் வடிவமைப்பதில்லை. செதுக்கிச் செதுக்கி வளைத்துப் பார்க்கும்போது அந்தக் கட்டையே அதைச் சொல்லும். தடிமனை மில்லிமீட்டர் வரை குறித்த வரைபடத்தை எவரேனும் கொடுத்தால், அது அவருடைய கட்டைக்குரிய வரைபடம் என்று எண்ணி நன்றி சொல்லி மடித்து வைத்துவிடுங்கள்.

நீளம்: இழுக்கும் அளவின் இருமடங்கோடு, வளையாத நடுப்பகுதியின் நீளத்தைக் கூட்டுவது நெடுநாளைய வழக்கம். உங்களுக்கு இருமடங்கு 56 அங்குலம். கைப்பிடிக்கு 4 அங்குலம், அதன் இருபுறமும் தடிமன் சரிந்து இறங்கும் இடத்துக்கு 2 அங்குலம் வீதம் 4 அங்குலம், ஆக 64. இது ஓசேஜ் போன்ற வலிய மரத்துக்குப் போதும். வால்நட்டுக்கு நான் இன்னும் 4 அங்குலம் சேர்த்து 68 என்று வைப்பேன். உங்கள் கட்டை 70 அங்குலம் இருப்பதால் இரு முனைகளிலும் ஓர் அங்குலம் வீதம் அறுத்துவிடலாம். உலரும்போது முனைகளில் விழும் மயிர்வெடிப்புகளும் அதோடு போய்விடும். வெடிப்பு ஒரு முனையில் மட்டும் ஆழமாக இருந்தால் இரண்டு அங்குலத்தையும் அங்கேயே அறுத்துவிடுங்கள். கணுவின் இடம் நடுவிலிருந்து ஓர் அங்குலம் நகரும், அவ்வளவுதான்.

அகலம்: கைப்பிடிச் சரிவு முடியும் இடத்தில் 2 அங்குலம். அங்கிருந்து முனைவரை அகலம் எப்படிக் குறைய வேண்டும் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, 2 அங்குலத்திலிருந்து முனையின் அரை அங்குலம் வரை நேர்கோடாகக் குறைத்துக்கொண்டே போவது. இந்த வடிவில் தடிமன் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வில் வட்டத்தின் ஒரு பகுதியைப் போல வளையும். வளைவைச் சீராக்குவதும் எளிது. கணு இல்லாத கட்டையாக இருந்தால் இதையே உங்களுக்குச் சொல்லியிருப்பேன். மற்றொன்று, பாதித் தொலைவுக்கும் சற்று மேல் வரை அகலத்தைக் குறைக்காமல் கொண்டுபோய், அதன் பிறகு முனைவரை குறைப்பது. இதில் தடிமன் முனையை நோக்கி மெல்லக் குறைய வேண்டும்; வளைவும் கைப்பிடிக்கு அருகே சற்று நேராகவும் வெளியே போகப்போக அழுத்தமாகவும் இருக்கும்.

உங்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். காரணம் அந்தக் கணு. ஓர் அங்குலம் அறுத்த பின் கணு முனையிலிருந்து 19 அங்குலத்தில், அதாவது வில்லின் நடுவிலிருந்து 15 அங்குலத்தில் நிற்கும். நேர்கோடாகக் குறையும் வடிவில் அந்த இடத்து அகலம் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. நகம் அளவுள்ள கணு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கணுவின் மரம் இழுப்பைத் தாங்குவதாக எண்ணக் கூடாது. அகலத்தை நடுவிலிருந்து 18 அங்குலம் வரை 2 அங்குலமாகவே வைத்து அதன்பிறகு குறைத்தால், கணுவின் இருபுறமும் முக்கால் அங்குலம் வீதம் நல்ல மரம் நிற்கும். போதாக்குறைக்கு, கணுவைச் சுற்றி ஓடும் இழைகள் இருபுறமும் ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதைப் போல விலகிச் செல்வதைப் பார்ப்பீர்கள். அந்த விலகலைப் பின்பற்றி விளிம்பும் அங்கே இம்மியளவு புடைத்திருக்கட்டும். முதுகில் கணு சிறு மேடாக நின்றால் அதைச் சமன்படுத்தாதீர்கள். அந்த மேட்டைச் சீவினால் சுற்றிலுமுள்ள வளையம் அறுபட்டு, சிம்பு கிளம்புவதற்கு அதுவே வாயிலாகிவிடும்.

கைப்பிடி ஒன்றேகால் அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் இருந்தால் உள்ளங்கையில் அமரும். அதிலிருந்து வளையும் பகுதிக்கு இறங்கும் சரிவு வளைகோடாக இருக்கட்டும். படிக்கட்டைப் போலச் சட்டென்று இறங்கினால் அந்த மூலையிலேயே வளைவு குவியும். சரிவில் அகலம் முதலில் விரிந்து முடிந்த பிறகே தடிமன் முழுதும் இறங்க வேண்டும். இந்த வரிசை மாறினால் அகலம் போதாத இடத்தில் மரம் மெலிந்து, வில் கைப்பிடியின் ஓரத்தில் மடங்கும். முனைகளைத் தொடக்கத்தில் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு வையுங்கள். நாண் நேராக நடுவில் ஓடவில்லையெனில் ஒரு பக்கத்தில் சற்றுக் கூடுதலாகச் சீவி அதைத் திருத்திக்கொள்ள அந்த உபரி உதவும். எல்லாம் சரியான பிறகு அரை அங்குலமாகக் குறைக்கலாம். முனையில் குறையும் ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்துக்குப் பயன்படும். கைப்பிடியில் குறைத்தால் எந்தப் பயனும் இல்லை.

கட்டையின் மீது வரையும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நூல் அடித்து நேர்கோடு போடுவதுதான் தச்சரின் முதல் பழக்கம். வில்லில் அது சரிப்படாது. பென்சிலை மெல்லப் பிடித்து, முதுகிலுள்ள நுண்துளைகளின் கோடுகள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கமே நடுக்கோட்டை இட்டுச் செல்லுங்கள். இழை அரை அங்குலம் வளைந்து திரும்பினால் வில்லும் வளைந்து திரும்பட்டும். நாண் பூட்டும் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு கைப்பிடியின் வழியே சென்றால் போதும். அது விலகிப் போனால், பக்கவாட்டில் நீராவி காட்டித் திருத்த முடியும். அறுபட்ட இழையைத் திருத்துவதற்கு வழி ஏதுமில்லை.

முதலில் செதுக்கும்போது சரிவின் முடிவில் 16 மில்லிமீட்டரும் முனையருகே 13 மில்லிமீட்டரும் தடிமன் விடுங்கள். முடிவில் 45 பவுண்டு வில்லுக்கு இதைவிடக் கணிசமாகக் குறையும். வயிறு தட்டையாகவும், நான்கு விளிம்புகளும் பென்சிலின் கனத்துக்கு உருட்டப்பட்டும் இருக்க வேண்டும். இந்த நிலையில் கட்டையை எடைபோட்டு ஓர் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். இரண்டரை அங்குலக் கட்டையின் உள்ளே இரண்டு ஆண்டுக்குப் பிறகும் ஈரம் ஒளிந்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு எடை மாறாமல் நின்றால் வேலையைத் தொடரலாம். ஈரப்பதம் 8 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. ஈரமான மரத்தை வளைத்தால் கூனுவது உறுதி.

முனைகளை வெளிப்புறம் வளைத்துவிடுவது, முதுகில் வேறு மரம் ஒட்டுவது போன்றவற்றையும் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவற்றுக்குத் தனிக் கடிதம் தேவை. இந்தக் கட்டையில் அவை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: வால்நட்டின் அழகே அதன் கரும்பழுப்பு நிறம்தான். பட்டையை ஒட்டியுள்ள வெளிர்நிறப் பகுதியை முழுவதும் சீவி எறிந்துவிட்டு வைரத்தில் மட்டும் வில் செய்தால் வலிமை கூடுமா?

பதில்: கூடாது. பட்டையை ஒட்டிய அந்த வெளிறு பூச்சி அரிப்பதற்கு எளிதானது என்பதால் மேசை நாற்காலி செய்வோர் அதை ஒதுக்குவர். அந்தப் பழக்கத்தை வில்லுக்கும் கொண்டுவரத் தேவையில்லை. வால்நட்டின் வெளிறு இழுப்பை நன்றாகவே தாங்கும். பட்டையை உரித்தவுடன் கிடைக்கும் முதல் வளையம், எந்தக் கருவியும் படாமல் இயற்கையே முடித்துக் கொடுத்த முதுகு. அதை எறிந்துவிட்டு உள்ளே போனால், முனைமுதல் முனைவரை ஒரே வளையத்தைத் தேடிப் பின்பற்ற வேண்டும். வால்நட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எல்லை அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. மாலை வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு, சுரண்டுதகட்டின் ஓசை மாறுவதையும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. முதுகு வெண்மையாகவும் வயிறு கருமையாகவும் இருக்கும் வில் எனக்கு எப்போதும் கூடுதல் அழகாகவே தோன்றியிருக்கிறது. நிறம்தான் உறுத்துகிறது என்றால் சாயம் பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வால்நட் வில் இப்போது 20 அங்குலம் இழுக்கும்போது 38 பவுண்டு காட்டுகிறது. 28 அங்குலத்தில் 45 பவுண்டு வேண்டும். ஆனால் மேற்பாதியின் நடுவில் ஒரு சாண் அளவு மட்டும் கதவுக் கீலைப் போல மடங்குகிறது. அந்த இடத்தில் மெல்லிய மரத்தகடு ஒட்டிச் சரிசெய்யலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம். வளையும் இடத்தில் ஒட்டிய தகட்டின் விளிம்பே அடுத்த கீலாக மாறும். மெலிந்த இடத்தைத் தடிமனாக்குவதற்குப் பதிலாக, தடிமனாக நிற்கும் மற்ற இடங்களை அதனோடு சமப்படுத்த வேண்டும். உங்களிடம் அதற்கு மரம் மிச்சம் இருக்கிறது: இப்போதைய கணக்கில் இந்த வில் 28 அங்குலத்தில் 45 பவுண்டை வெகுவாகத் தாண்டிவிடும். ஆகவே எப்படியும் மரத்தைக் குறைக்கத்தான் போகிறீர்கள். அந்தக் குறைப்பு முழுவதும் கீல் இல்லாத இடங்களில் நிகழட்டும்.

கீலின் இரு எல்லைகளையும் வயிற்றில் சுண்ணக்கட்டியால் குறித்து, நடுவில் பெருக்கல் குறி இட்டுவிடுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கட்டத்துக்குள் எந்தக் கருவியும் படக்கூடாது. மற்ற இடங்களில் எங்கே எவ்வளவு என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல் ஒரு சிறு கருவியைச் செய்துகொள்ளுங்கள். ஆறு அங்குல நீளமுள்ள நேரான மரத்துண்டு ஒன்றின் நடுவில் துளையிட்டு, அதில் பென்சிலை இறுக்கமாகச் செருகுங்கள். நாணேற்றிய வில்லின் வயிறு குழிந்திருக்கும்; அதன்மேல் இத்துண்டை வைத்தால் இரு ஓரங்களும் மரத்தில் படும், நடுவில் சிறு இடைவெளி தெரியும். மிக அதிகமாக வளையும் இடத்தில், உங்களுக்கு அது அந்தக் கீல்தான், பென்சில் முனை மரத்தைத் தொடாத அளவுக்கு மட்டும் அதை இறக்கிக்கொண்டு, வில்லின் நீளம் முழுவதும் தேய்த்துக்கொண்டே செல்லுங்கள். எங்கே வளைவு போதவில்லையோ அங்கே இடைவெளி குறைந்து பென்சில் கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சுரண்ட வேண்டும். இதை முதன்முறை செய்தபோது, சீராக வளைகிறது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஒரு பகுதியில் ஒரு முழத்துக்குப் பென்சில் கோடு விழுந்ததைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

இந்தக் கட்டத்தில் அரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுரண்டுதகட்டையே பயன்படுத்துங்கள். தடிமனின் மும்மடிக் கணக்கு இங்கே தலைகீழாக வேலை செய்யும். 12 மில்லிமீட்டர் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரும் சற்றும் குறைந்தால், அந்த இடத்தின் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். கோடு மறையும்வரை சுரண்டியதும் முப்பது முறை மெல்ல இழுத்து விடுங்கள். அதற்குப் பிறகே மரம் புதிய வளைவைக் காட்டும். சுரண்டிய உடனே பார்த்து, மாற்றமில்லை என்று மேலும் சுரண்டுவதால்தான் இப்படிப்பட்ட கீல்கள் பெரும்பாலும் உண்டாகின்றன.

வில்லைக் கையால் இழுத்துக்கொண்டே அதன் வளைவைப் பார்ப்பது இயலாது. சுவரில் ஒரு தாங்கியில் கைப்பிடியை அமர்த்தி, நாணிலிருந்து ஒரு கயிற்றைத் தரையருகே உள்ள கப்பி வழியே கொண்டுவந்து, நான்கு அடி தள்ளி நின்று இழுத்தால் முழு வில்லும் கண்ணில் படும். வில் உடைந்தாலும் முகத்துக்கு வராது. கயிற்றில் ஒரு தொங்குதராசைக் கோத்துவிடுங்கள். எந்த நிலையிலும் 45 பவுண்டைத் தாண்டி இழுக்காதீர்கள். தராசு 45 காட்டும் இடம் 21 அங்குலமாக இருந்தால் அன்றைக்கு அந்த வில்லுக்கு 21 அங்குலமே எல்லை. குறையைத் திருத்தாமல் மேலும் இழுத்தால், அந்தக் கூடுதல் வளைவு முழுவதையும் கீல் ஒன்றே சுமக்கும். 45 பவுண்டு 27 அங்குலத்தில் வந்ததும் சுரண்டுவதை நிறுத்திவிட்டு உப்புத்தாளை எடுங்கள். தேய்த்து வழவழப்பாக்கும்போதே மீதியும் குறைந்து 28-க்கு வந்து சேரும்.

இறுதியில் கீழ்ப்பாதி மேற்பாதியைவிட இம்மி விறைப்பாக இருக்கட்டும். அம்பு கைப்பிடிக்கு மேலே அமர்வதாலும், கை கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் அழுத்துவதாலும் கீழ்ப்பாதிக்குச் சுமை கூடுதல். நாணுக்கும் சரிவின் முடிவுக்கும் இடையே அளந்தால், மேற்பாதியின் இடைவெளி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் போதும்.

கேள்வி: வில்லின் வயிற்றில், குறுக்காக, நகத்தால் கீறியதைப் போன்ற மெல்லிய கோடுகள் தோன்றியிருக்கின்றன. வெப்பம் காட்டினால் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அவை கீறல்கள் அல்ல, இழைகள் நசுங்கி மடிந்த இடங்கள். நசுங்கிய இழை மீண்டும் நிமிர்வதில்லை. வயிற்றுக்கு வெப்பம் காட்டுவது நல்ல உத்திதான்; சூட்டுக்காற்றுக் கருவியால், முதுகு சூடேறாமல், வயிறு மட்டும் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பேறும்வரை மெல்லக் காட்டினால் மரத்தின் விறைப்பும் நசுக்கத்தைத் தாங்கும் திறனும் கூடும். ஆனால் அது வளைவைச் சீராக்கும் நடுக்கட்டத்தில், கோடுகள் தோன்றுவதற்கு முன் செய்ய வேண்டியது. அதன்பின் நான்கைந்து நாள் வில்லைத் தொடாமல் வைத்து, இழந்த ஈரத்தைக் காற்றிலிருந்து மரம் மீட்டுக்கொள்ள விட வேண்டும். அவசரப்பட்டு வளைத்தால் முதுகு உடையும். உங்கள் வில்லுக்கு இப்போது செய்யக்கூடியது, கோடுகள் உள்ள இடத்தைத் தவிர்த்து மற்ற இடங்களைக் குறைத்து, பத்துப் பவுண்டு இழந்து, இலேசான வில்லாக வைத்துக்கொள்வது. அடுத்ததை கால் அங்குலம் அகலமாகச் செய்யுங்கள்.

கேள்வி: 45 பவுண்டு மர வில்லுக்கு நாண் எத்தனை இழை?

பதில்: பி-50 வகை டேக்ரான் (பாலியெஸ்டர் நூல்) என்றால் 12 அல்லது 14. நீட்சியே இல்லாத புதுவகை இழைகள் வேகம் தரும். ஆனால் நாண் அமரும் வெட்டில் கொம்போ கடின மரமோ ஒட்டாத வால்நட் முனையை அவை அறுத்துவிடும். எந்த நாணானாலும் அம்பு பூட்டாமல் இழுத்து விடாதீர்கள்.

கேள்வி: கருப்பு வால்நட் செதுக்கிய சிராய் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்கிறது. குதிரை லாயத்தில் பரப்பக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? வில்லுக்குக் கடைசிப் பூச்சாக ஆளி விதை எண்ணெய் போதுமா?

பதில்: கொடுக்கவே கூடாது. கருப்பு வால்நட் சிராயின்மேல் நிற்கும் குதிரைகளுக்குக் குளம்பின் உட்பகுதி வீங்கி நடக்க முடியாத நோய் வரும். மற்ற மரச் சிராயோடு சிறு பங்கு கலந்தாலும் போதும். தக்காளிப் பாத்தியிலும் கொட்ட வேண்டாம். அம்மரத்திலுள்ள ஜுக்லோன் என்ற பொருள் அச்செடிகளை வாடச் செய்யும். நீங்களும் அந்தத் தூசியை மூக்குக்கவசம் இல்லாமல் சுவாசிக்காதீர்கள்.

ஆளி விதை எண்ணெய் போதும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள் விட்டுத் தேயுங்கள். முழுவதும் உலர்ந்த பின் தேன்மெழுகு ஒரு கை பூசினால் மழைத்துளி நிற்காது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிச் சிராய் மூட்டையின்மேல் எறிந்துவிடாதீர்கள். காற்றோடு சேர்ந்து உலரும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளியிடும்; சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றிய பட்டறைகள் உண்டு. துணியை விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.